எண்ணெய்க் கசிவைத் தேடும் முறை

பயிர் வாடும் நாளில் இறைவை எஞ்சின் நின்றுவிட்டால் நேரும் இன்னலை அங்கத்தினர்கள் அறிவார்கள். எண்ணெய் கசியக் கண்டதும் ஸ்பானரை எடுத்துச் சிலிண்டர் ஹெட் நட்டுகளை முறுக்குவது நம்மில் பலருக்கு வழக்கம். கசிவு வேறிடத்தில் இருந்தால் இதனால் பயனில்லை; ஸ்டட் முறிவதும் மரை அழிவதுமே மிஞ்சும்.

எண்ணெய் கசிந்த இடத்திலேயே நிற்பதன்று. கீழ்நோக்கி வழியும், காற்றில் சிதறும். ஆதலால் எஞ்சினை நிறுத்தி, ஆறியபின் வெளிப்புறத்தைத் துடைத்து உலர்த்த வேண்டும். காற்று வடிகட்டியினுள் புகாதவாறு இணைப்புகளில் சுண்ணாம்புக் கட்டிப் பொடியைத் தடவிச் சிறிது நேரம் ஓட்டி நிறுத்துவோம். முதலில் நனையும் மேலிடமே பெரும்பாலும் கசிவின் தோற்றுவாய். பல இடங்களில் ஒருங்கே கசிந்தால் பிரீதர் குழாய் அடைபட்டுள்ளதா என்று பார்ப்போம். அடைபட்டால் உள்ளழுத்தம் மிகுந்து எண்ணெயை வெளியே தள்ளும்.

கசிவு ஹெட் கேஸ்கட்டில்தான் என்று தெளிந்தால், எஞ்சின் குளிர்ந்திருக்கையில் நட்டுகளை இறுக்கலாம். நான்கு நட்டுகளாயின் மூலைக்கு மூலை. அதற்கு மேலாயின் நடுவிலிருந்து வெளிப்புறமாக. ஒரே மூச்சில் அன்றி, இரண்டு மூன்று சுற்றுகளில், கையேட்டில் குறித்த அளவுக்கு டார்க் ஸ்பானரால் இறுக்குதல் முறை. பிடியில் குழாய் செருகி முறுக்கலாகாது. ஏற்றத்தாழ்வாக இறுகினால் ஹெட் கோணும். பின்னர் டாப்பெட் இடைவெளியையும் சரிபார்க்க வேண்டும்.

அதன் பின்னும் கசிந்தால் கேஸ்கட்டை மாற்றுவதே வழி. எண்ணெய் மோர்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துள்ளது என்று பொருள். அந்நிலையில் எஞ்சினை ஓட்டவே கூடாது.

முதலில் தேடுவோம்; பிறகு திருகுவோம்.