இரும்பு பிடித்த கைகள் ஒன்றுகூடினால்

தில்லையடியில் ஒரு வீட்டு முற்றத்தில் மண்வெட்டி ஒன்றைக் கண்டோம். வாய் தேய்ந்து அரைவாசியாகிவிட்டது, ஒரு மூலை மடிந்திருந்தது, பிடி ஆடியது. அந்த வீட்டுக்காரர் மன்னார் முசலிப் பகுதியில் வயல் செய்தவர். இன்று தென்னந்தோட்டங்களில் கூலிக்குக் கொத்துகிறார். "இதைப் பட்டறையில் கொடுத்து அடித்து எடுக்கலாமே" என்றோம்.

"ஊரில் எங்களுக்கென்று ஒரு கொல்லர் இருந்தார், பாதர். சூடடித்ததும் நெல் கொடுப்போம். வருடம் முழுக்கச் செய்து தருவார். இங்கே பட்டறை தேடிப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும். அதனால் தேயும்வரை கொத்திவிட்டுப் புதியது வாங்குகிறோம்" என்றார்.

அந்தப் பதிலை நாம் பல நாட்கள் யோசித்தோம். 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம் மக்கள் ஏறத்தாழ 75,000 பேர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டே மணித்தியாலம். வீடும் வயலும் மாடும் போன கணக்கைப் பலர் எழுதியிருக்கிறார்கள். மண்வெட்டி, கோடரி, அலவாங்கு, தாக்கத்தி போன கணக்கை எழுதியவர்கள் குறைவு. கருவியையாவது திரும்ப வாங்கலாம். அதைத் திருத்தித் தந்த மனிதரோடு இருந்த உறவை எந்தக் கடையில் வாங்குவது? 2009க்குப் பின் முசலிக்குத் திரும்பிப் போனவர்களுக்கும் காடு மண்டிய காணியில் முதலில் தேவைப்பட்டது கூரான கத்தியும் கோடரியும்தானே!

இந்த இடத்தில், தூர தேசத்து மனிதர் சிலரைப் பற்றி வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். அவர்களுக்கு இரும்பு அடித்துத்தான் வயிறு வளர்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆயினும் இரும்பு அடிப்பதற்காகவே ஒன்றுகூடுகிறார்கள். அவர்களிடம் நாம் கற்றுக்கொள்ள ஒரு விடயம் உண்டு.

பொழுதுபோக்குக் கொல்லர்கள்

மேல்நாடுகளிலும் ஒரு காலத்தில் ஊருக்கு ஒரு கொல்லன் பட்டறை இருந்தது. குதிரையின் இடத்தை உழவு இயந்திரம் பிடித்தது. தொழிற்சாலைக் கருவிகள் மலிவாக வந்தன. பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்தத் தொழில் முடிந்துவிட்டது என்றே பலரும் எண்ணினார்கள்.

அப்போதுதான் ஆசிரியர், பொறியியலாளர், விவசாயி, ஓய்வுபெற்றவர் என்று பலதரப்பட்டவர்கள் கொல்லைப்புறத்தில் சிறிய உலை அமைத்து, பழைய இரும்பைக் காய்ச்சி அடிக்கத் தொடங்கினார்கள். 1969இல் அமெரிக்கரான அலெக்ஸ் பீலர் கொல்லுத் தொழில் பற்றி எழுதிய நூல் பலருக்குக் கைவிளக்காயிற்று. 1973இல் ஜோர்ஜியா மாநிலத்தின் லம்ப்கின் என்ற சிற்றூரில் ஒரு சிறு தொகையினர் கூடி வட அமெரிக்கக் கலைக் கொல்லர் சங்கத்தை ஆரம்பித்தார்கள். 1978இல் பிரித்தானியாவிலும் இத்தகைய சங்கம் உருவாயிற்று. இன்று பல நாடுகளில் இவற்றைப் போன்ற சங்கங்களும் கிளைகளும் இயங்குகின்றன.

இரும்பு பிடித்த கையும் சிரங்கு பிடித்த கையும் சும்மா இராது என்பது நம் பழமொழி. இவர்களைப் பார்த்தால் அது உண்மைதான்.

ஒரு நாள் எப்படி நடக்கிறது?

இந்தக் கூடல்களை அவர்கள் "ஹமர்-இன்" என்று அழைக்கிறார்கள். நாம் "சம்மட்டிக் கூடல்" எனலாம். மண்டபம் தேவையில்லை. ஓர் அங்கத்தவரின் வீட்டு முற்றமே போதும். அவரவர் தம் சுத்தியல், குறடு, சிறிய உலை ஆகியவற்றைக் கொண்டு வருகிறார்கள். காலையில் அனுபவசாலி ஒருவர் ஒரு வேலையை ஆரம்பம் முதல் முடிவு வரை செய்து காட்டுகிறார். மற்றவர்கள் சுற்றி நின்று கேள்வி கேட்கிறார்கள். பின்னர் எல்லா உலைகளும் எரிகின்றன. புதியவருக்குப் பக்கத்தில் பழையவர் நிற்கிறார். மதியம் எல்லோரும் சேர்ந்து உண்கிறார்கள். தம்மிடம் மேலதிகமாக உள்ள கருவிகளை விற்கிறார்கள், மாற்றிக்கொள்கிறார்கள்.

செலவுக்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வருபவர்கள் தாம் செய்த பொருளோ, மேலதிகக் கருவியோ ஒன்றை மேசையில் வைக்கிறார்கள். சீட்டு விற்று, குலுக்கி எடுத்து, விழுந்தவருக்கு அப்பொருளைக் கொடுக்கிறார்கள். சேரும் பணம் சங்கத்துக்குப் போகிறது. அதிலிருந்து இளையவர்களின் பயிற்சிக்கும் உதவுகிறார்கள்.

மறைத்த வித்தையும் பகிர்ந்த வித்தையும்

முற்காலக் கொல்லர் பலர், அங்கும் சரி இங்கும் சரி, தொழில் நுட்பத்தை வெளியாருக்குச் சொல்வதில்லை. தந்தை மகனுக்குச் சொன்னார். மகன் பேரனுக்குச் சொன்னார். நம் சமூகத்தில் அது ஒரு குலத்தின் சொத்தாகவே கட்டி வைக்கப்பட்டது. ஊர் நிலைத்திருந்த காலத்தில் அந்த முறை வேலை செய்தது. ஊர் கலைந்தால், மகன் வேறு தொழிலுக்குப் போனால், வித்தை அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது.

நம் தீவிலேயே இதற்குச் சான்று உண்டு. பலாங்கொடைக்கு அருகே சமனலவெவப் பகுதியில், மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில், பழங்கால இரும்பு உலைகளின் எச்சங்கள் வரிசையாகக் கண்டெடுக்கப்பட்டன. அவற்றுக்குத் துருத்தி இல்லை. தென்மேல் பருவக்காற்றே உலையை ஊதியது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே உயர்ந்த ரக உருக்கு எடுக்கப்பட்டது. அதை எடுத்த முறையைச் சொல்ல இன்று ஒருவரும் இல்லை. எனவே கில் ஜூலெஃப் என்ற தொல்லியலாளர் 1994இல் அதேபோன்ற உலையைக் கட்டி, காற்று வீசும் காலத்தில் எரித்துப் பார்த்தே அந்த நுட்பத்தை விளங்கிக்கொண்டார். 1996இல் அதை உலகுக்கு எடுத்துரைத்தார். அதற்கு முன், 1908இல் வெளிவந்த தமது நூலில் கலாநிதி ஆனந்த குமாரசுவாமி, அருகிக்கொண்டிருந்த நம் நாட்டு இரும்பு உருக்கும் தொழிலைப் பதிந்து வைத்தார். தலைமுறை தலைமுறையாகக் கையில் இருந்த அறிவை மண்ணைத் தோண்டித் தேட வேண்டியதாயிற்று!

பொழுதுபோக்குக் கொல்லர்கள் இதற்கு எதிர்த்திசையில் போனார்கள். அவர்களுக்குத் தந்தை வழி இல்லை, ஊர்வழியும் இல்லை. ஆகவே தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்வதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. அதனாலேயே சாகவிருந்த தொழில் பிழைத்தது. இடம்பெயர்ந்த மக்களாகிய உங்களுக்கு இது பொருந்தும் என்று நாம் கருதுகிறோம். ஊரோடு வந்த வழி அறுந்துவிட்டது. இனிப் பகிர்ந்தால் மட்டுமே வித்தை நிலைக்கும்.

அங்கே சொல்லிக்கொடுப்பவை

இத்தகைய கூடல்களில் புதியவருக்கு முதலில் சொல்லித்தரும் சிலவற்றை இங்கே தருகிறோம்.

இரும்பை அறிதல்: எல்லா இரும்பும் ஒன்றல்ல. வேலிக்கம்பி, கட்டடக்கம்பி போன்ற மெல்லிரும்பில் கரிச்சத்து மிகக் குறைவு. அதை எவ்வளவு தோய்த்தாலும் கூர் நிற்காது. லொறியின் வில்லுத் தகட்டில் கரிச்சத்து நூற்றுக்கு 0.6 பங்களவு உண்டு; அது கத்திக்கும் கோடரிக்கும் ஏற்றது. சாணைக்கல்லில் பிடித்தால் மெல்லிரும்பின் பொறி நீளமாக, வெடிப்புக் குறைந்து பறக்கும். கரிச்சத்துள்ள உருக்கின் பொறி பூவாணம்போலப் பிரிந்து வெடிக்கும்.

நிறத்தைப் பார்த்தல்: உலையை நிழலில் வைக்க வேண்டும், வெயிலில் இரும்பின் நிறம் தெரியாது. மங்கிய சிவப்பில் அடித்தால் உருக்கு வெடிக்கக்கூடும். செம்மஞ்சள் நிறத்தில் அடித்து உருவாக்க வேண்டும். இரும்பிலிருந்தே பொறி பறந்தால் அது எரிகிறது என்று பொருள். அந்தப் பகுதி பயன்படாது.

தோய்ச்சல் போடுதல்: உருக்கு ஏறத்தாழ 770 பாகை செல்சியஸில் காந்தத்தில் ஒட்டாமல் போகும். வெப்பமானி இல்லாதவருக்குக் காந்தமே அடையாளம். ஒட்டாத நிலையை அடைந்து, அதற்குச் சற்று மேலே காய்ந்ததும் எண்ணெயில் தோய்க்க வேண்டும். வில்லுத் தகட்டைத் தண்ணீரில் தோய்த்தால் வெடிக்கக்கூடும்.

பதம் இறக்குதல்: தோய்த்த உருக்கு கண்ணாடிபோல உடையும். அதைத் தேய்த்து மினுக்கி மெல்லச் சூடாக்கினால் மேலே நிறம் ஓடும். வைக்கோல் மஞ்சளில் நிறுத்தினால் கத்திக்கு நல்லது. அடிபடும் கோடரிக்கு ஊதா, நீலம் வரை விட வேண்டும்.

பாதுகாப்பு: நாகமுலாம் பூசிய தகட்டையோ குழாயையோ உலையில் வைக்கக்கூடாது, அந்தப் புகை காய்ச்சலைத் தரும். கண்ணுக்குக் கண்ணாடியும், காலுக்குச் சப்பாத்தும், உடம்புக்குப் பருத்தி உடையும் வேண்டும். நைலோன் துணி பொறி பட்டால் உடலில் ஒட்டி எரியும்.

தில்லையடியில் செய்யலாமா?

செய்யலாம் என்பதே நம் எண்ணம். முழுக் கொல்லராக வேண்டியதில்லை. மாதம் ஒரு நாள் கருவிகளைத் திருத்தும் கூடலாகத் தொடங்கினால் போதும்.

1. நாள்: போயா விடுமுறை மாதந்தோறும் வருகிறது. அன்று பாடசாலையும் இல்லை, பல இடங்களில் வேலையும் இல்லை. பெரியவர்களும் இளைஞர்களும் ஒன்றாக வரலாம்.

2. உலை: பழைய லொறியின் பிறேக் டிறத்தில் காற்றுக் குழாய் பொருத்திய உலையைப் பல நாட்டுப் பொழுதுபோக்குக் கொல்லர்கள் பயன்படுத்துகிறார்கள். இங்கே தென்னை உண்டு, சிரட்டைக்கரி உண்டு. பட்டறைக்கல் கிடைக்கும்வரை கனமான இரும்புக் குற்றி ஒன்றை மரக்கட்டையில் இறுக்கிப் பயன்படுத்தலாம்.

3. ஆசான்: இப்பகுதியில் தொழில் செய்யும் கொல்லர் ஒருவரை அழைத்து, ஒரு நாள் கூலி கொடுத்து, முன்வரிசையில் இருத்த வேண்டும். "எல்லோரும் கற்றுக்கொண்டால் என் பிழைப்பு என்னாவது?" என்று அவர் கேட்டால் அது நியாயமான கேள்வி. கூர் தீட்டுவதையும் பிடி போடுவதையும் நாம் கற்போம். புதிய கருவியும் பெரிய வேலையும் அவரிடமே போகட்டும் என்று முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது. சம்மட்டி தூக்கிப் பார்த்தவர் அவரிடம் கூலி பேரம் பேசவும் மாட்டார்.

4. செலவு: மேல்நாட்டார்போலச் சீட்டுக் குலுக்குவது இங்கு மார்க்கத்துக்குப் பொருந்தாது. அதற்குப் பதிலாக, கொண்டுவந்த பொருட்களை ஏலம் விடலாம். பள்ளிவாசலிலும் கோயிலிலும் நாம் அறிந்த முறைதானே!

5. பெண்கள்: மண்வெட்டி ஆண்களுடையது மட்டுமல்ல. திருவலை, அரிவாள்மணை, கறிக்கத்தி எல்லாம் வரட்டும். கற்க விரும்பும் பெண்களும் வரட்டும்.

6. அறிவித்தல்: "கத்தி அடிக்கிறார்கள்" என்ற பேச்சு தவறாகப் பரவிவிடக்கூடும். கிராம உத்தியோகத்தரிடம் முன்கூட்டியே சொல்லி, திறந்த முற்றத்தில் நடத்துவது நல்லது.

கூடல் நடக்கும்வரை காத்திராமல் இன்றே செய்யக்கூடிய ஒன்றும் உண்டு. நம் கடற்கரையின் உப்புக்காற்று இரும்பைச் சீக்கிரம் தின்றுவிடும். வேலை முடிந்ததும் மண்ணைக் கழுவி, ஈரம் துடைத்து, தேங்காயெண்ணெய் தோய்ந்த துணியால் ஒரு தடவை துடைத்து வையுங்கள். மண்வெட்டி கூடுதல் காலம் உழைக்கும்.

கடைசியாக ஒரு செய்தி. முதலாம் உலகப் போரில் பெருந்தொகையானோர் மாண்ட இடங்களுள் ஒன்று பெல்ஜியத்தின் ஈப்பர் நகர்ப்புறம். 2016 செப்டெம்பரில் பல நாட்டுக் கொல்லர்கள் அங்கே கூடி, பல உலைகளை மூட்டி, போரில் இறந்தோர் நினைவாக ஓர் இரும்புச் சின்னத்தை அடித்து உருவாக்கினார்கள். இரும்பாலான பொப்பிப் பூக்கள் சூழ நிற்கும் அந்தச் சின்னம், லங்கமார்க் என்ற ஊரில் ஜேர்மன் போர்வீரர்களின் மயானத்துக்கு அருகே வைக்கப்பட்டுள்ளது. ஒரு காலத்தில் எதிரெதிரே நின்ற நாடுகளின் பிள்ளைகள் ஒரே பட்டறைக்கல்லில் மாறிமாறி அடித்தார்கள்.

போரினால் ஊரிழந்த நமக்கு இது வெறும் வெளிநாட்டுச் செய்தி அல்ல. முசலியில் அந்தக் குடும்பத்துக்குக் கருவி அடித்துக் கொடுத்த கொல்லரும் இந்த மண்ணின் மனிதர்தான். திரும்பிப் போனவர்கள் அவருடைய பிள்ளைகளைத் தேடிப் பார்க்கலாம். இங்கே தங்கியவர்கள் புதிய கொல்லரோடு புதிய உறவைத் தொடங்கலாம். தேய்ந்த மண்வெட்டியை வீசிவிடாதீர்கள்; கூடலுக்குக் கொண்டு வாருங்கள்.

கலந்துரையாடலுக்கு:

அ. உங்கள் குடும்பத்தில் கைத்தொழில் தெரிந்த முதியவர் யார்? அவரிடமிருந்து அதைக் கற்றவர் எத்தனை பேர்?

ஆ. உங்கள் வீதியில் திருத்தினால் பயன்படக்கூடிய கருவிகள் எத்தனை கிடக்கின்றன?

இ. அடுத்த போயா தினத்தில் முற்றம் தரக்கூடியவர் யார்?