தட்டில் மரக்கறி சேர ஒரு சிறு சலுகை



"பிள்ளைகளுக்குக் கீரையும் பழமும் கொடுங்கள்" என்கிறார் வைத்தியர். அதைக் கேட்டு வரும் ஏழைத் தாய் கடையில் எதை வாங்குகிறாள்? வயிற்றை நிரப்பும் மாவையும் சீனியையும்தான். இதை அறியாமை என்று சொல்லிவிடலாகாது. கையிலிருப்பதோ சொற்பக் காசு. பழம் சில நாளில் அழுகிவிடும். பிள்ளை உண்ண மறுத்தால் வேறு வாங்க வழியில்லை. அவள் கணக்குப் பார்த்தே வாங்குகிறாள். அப்படியானால் மாற வேண்டியது அவளா, அந்தக் கணக்கா?

அமெரிக்காவில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். அங்கே வறிய குடும்பங்களுக்கு உணவு வாங்குவதற்கென்று அரசு மாதந்தோறும் ஓர் அட்டையில் பணம் இடுகிறது. மசாசுசெட்ஸ் மாநிலத்தின் ஹம்டன் மாவட்டத்தில் இவ்வுதவி பெற்ற சுமார் 55,000 குடும்பங்களுள் 7,500 குடும்பங்களைக் குலுக்கல் முறையில் தெரிந்தெடுத்தார்கள். 2011 நவம்பரில் தொடங்கி 2012 இறுதிவரை, மரக்கறிக்கும் பழத்துக்கும் அவர்கள் செலவிட்ட ஒவ்வொரு டொலருக்கும் 30 சதம் அட்டைக்கே திரும்பி வந்தது. உருளைக்கிழங்குக்கும் பழச்சாற்றுக்கும் இச்சலுகை இல்லை. பலன் என்ன? சலுகை பெறாதவர்களைவிட இவர்கள் அவற்றை 26 சதவீதம் அதிகமாக உண்டார்கள்.

டெட்ரொய்ட் நகரில் 2009இல் வேறொரு முறை தொடங்கியது. விவசாயிகளின் சந்தையில் உதவிப் பணத்தில் ஒரு டொலர் செலவிட்டால், உள்ளூர் விளைச்சலை வாங்க இன்னொரு டொலர் கிடைக்கும். அப்போது ஒரு நாளைக்கு 20 டொலர் வரை இவ்வாறு பெற முடிந்தது. தாய்க்கும் லாபம், பயிரிட்டவருக்கும் லாபம். 2014ஆம் ஆண்டின் விவசாயச் சட்டம் இத்தகைய திட்டங்களுக்கு 10 கோடி டொலர் ஒதுக்கியது. 2018இல் அது 25 கோடியானது.

இதனால் எல்லாம் தீர்ந்துவிட்டது என்பதல்ல. அந்த 26 சதவீதம் என்பது நாளொன்றுக்கு ஏறத்தாழக் கால் கோப்பைதான். அருகில் நல்ல கடை இல்லாத ஊரில் சலுகை இருந்தும் பயனில்லை. ஆயினும் அந்தக் கால் கோப்பை ஒரு பிள்ளையின் தட்டில் தினமும் விழுவது அற்பமானதா?

சகோதரிகளே! இதில் கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. எந்தப் பழம், எந்தக் கீரை என்பதை அந்தத் தாயே தெரிவு செய்தாள். யாரும் அவளைக் குறை கூறவில்லை. கூடையை நிரப்பிக் கையில் திணிக்கவுமில்லை. ஏழை வீட்டுக்கு உதவும்போது அரிசியோடும் மாவோடும் நின்றுவிடாமல், மரக்கறிக்கென்றும் ஒரு தொகையைச் சேர்த்துக் கொடுப்போம். எதை வாங்குவதென்ற தெரிவை அவளிடமே விட்டுவிடுவோம்.