டெபியன் திட்டத் தலைவர் தேர்தல்

டெபியன் திட்டத் தலைவர் தேர்தல் என்பது, டெபியன் என்னும் கட்டற்ற இயங்குதளத்தை உருவாக்கும் தன்னார்வலர்கள் தங்களுள் ஒருவரை ஓராண்டுக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கும் நடைமுறை ஆகும். இப்பதவிக்குச் சம்பளம் இல்லை. யாருக்கும் வேலை ஏவும் அதிகாரமும் இல்லை. இந்தியாவிலிருந்து சுருதி சந்திரன் 2020, 2021, 2024, 2025 ஆகிய ஆண்டுகளில் இத்தேர்தலில் போட்டியிட்டார்.

பின்னணி

டெபியன் திட்டத்தை இயன் மர்டாக் 1993 ஆகஸ்ட் 16 அன்று அறிவித்தார். டெப்ரா என்ற பெயரையும் தம் பெயரான இயன் என்பதையும் இணைத்து அவர் இப்பெயரை வைத்தார். உபுண்டு உள்ளிட்ட பல இயங்குதளங்கள் டெபியனை அடிப்படையாகக் கொண்டவை. சென்னையில் சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்சும் அவற்றுள் ஒன்று. தமிழ்நாடு அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் நிறுவித் தரப்பட்டது. தருமபுரி மாவட்டத்து இண்டூர் போன்ற சிற்றூர்களின் அரசுப் பள்ளி மாணவர்கள் கையிலும் இவ்வாறு டெபியனின் வழித்தோன்றல் ஒன்று வந்து சேர்ந்தது.

தொடக்கத்தில் மர்டாக்கே தலைவராக இருந்தார். 1996இல் புரூஸ் பெரென்சைத் தமக்கு அடுத்தவராக நியமித்தார். உறுப்பினர்கள் பெருகியபோது, யார் எதை முடிவு செய்வது என்பதை எழுதி வைக்கவேண்டிய தேவை எழுந்தது. 1998 டிசம்பரில் டெபியனுக்கென ஓர் அரசமைப்பு ஏற்கப்பட்டது. அதன்படி ஆண்டுதோறும் தேர்தல் நடைபெறுகிறது.

தலைவரின் பணி

எந்த உறுப்பினரையும் எந்த வேலையையும் செய்யும்படி கட்டாயப்படுத்த முடியாது என்பது டெபியன் அரசமைப்பின் அடிப்படை விதி. இவ்விதி தலைவருக்கும் பொருந்தும். குறிப்பிட்ட பொறுப்புகளுக்கு ஆட்களை நியமிப்பது, நன்கொடைப் பணத்தைச் செலவிட ஒப்புதல் தருவது, வேறு யாருடைய பொறுப்பிலும் வராதவற்றில் முடிவெடுப்பது, அவசர முடிவுகளை எடுப்பது, வெளியுலகில் திட்டத்தின் சார்பில் பேசுவது ஆகியவை தலைவரின் பணிகள். தலைவரின் முடிவு தவறு என்று கருதினால் உறுப்பினர்கள் பொது வாக்கெடுப்பின் மூலம் அதை மாற்றலாம். தலைவரையே திரும்ப அழைக்கவும் செய்யலாம்.

போட்டியிடும் முறை

தேர்தலுக்கு மூன்று கட்டங்கள் உண்டு. முதல் வாரம் வேட்புமனுவுக்கு உரியது. போட்டியிட விரும்பும் உறுப்பினர் தம் பெயரைத் தாமே முன்மொழிய வேண்டும். அடுத்த மூன்று வாரங்கள் பரப்புரைக்கு உரியவை. வேட்பாளர்கள் தங்கள் கொள்கை அறிக்கையை வெளியிடுவர். உறுப்பினர்கள் எழுத்தில் கேட்கும் கேள்விகளுக்கு எல்லாரும் காணும்படி எழுத்திலேயே விடை தருவர். கடைசி இரண்டு வாரங்களில் இலக்கமுறைக் கையொப்பமிட்ட மின்னஞ்சல் மூலம் வாக்களிப்பு நடைபெறும். யார் யாருக்கு வாக்களித்தார் என்பது வெளியிடப்படுவதில்லை.

வாக்காளர் ஒருவரை மட்டும் தேர்வதில்லை; வேட்பாளர்களை 1, 2, 3 என வரிசைப்படுத்துகிறார். பின்னர் ஒவ்வொரு வேட்பாளரும் மற்ற ஒவ்வொருவருடனும் தனித்தனியாக ஒப்பிடப்படுகிறார். ஓர் எடுத்துக்காட்டு: அ, ஆ, இ என மூன்று வேட்பாளர்கள், வாக்காளர்கள் 9 பேர். 4 பேர் அ, ஆ, இ என்றும், 3 பேர் இ, ஆ, அ என்றும், 2 பேர் ஆ, இ, அ என்றும் வரிசைப்படுத்துகின்றனர். முதலிடத்தை மட்டும் எண்ணினால் 4 வாக்குகளுடன் அ வெல்வார். இருவர் இருவராக ஒப்பிட்டால், ஆ அவர்களை அ அவர்களைவிட மேலாகக் கருதுபவர்கள் 5 பேர். இ அவர்களைவிட மேலாகக் கருதுபவர்கள் 6 பேர். எனவே ஆ வெற்றி பெறுவார். பெரும்பான்மையோர் ஏற்கக்கூடிய ஒருவரே இம்முறையில் முன்னுக்கு வருகிறார்.

வாக்குச்சீட்டில் 'மேற்கண்ட எவரும் இல்லை' என்ற தெரிவும் உண்டு. இந்தியத் தேர்தல்களில் 2013 முதல் உள்ள நோட்டாவிலிருந்து இது வேறுபட்டது. நோட்டா அதிக வாக்கு பெற்றாலும் அடுத்த நிலையில் உள்ள வேட்பாளரே வென்றவர் ஆவார். டெபியனில் இத்தெரிவு வென்றால் தேர்தலை மீண்டும் நடத்த வேண்டும். ஆகவே ஒருவர் மட்டுமே போட்டியிட்டாலும் அவர் வாக்கெடுப்பைச் சந்தித்தே ஆக வேண்டும். 2023இல் ஜொனாதன் கார்ட்டர் இவ்வாறு தனி வேட்பாளராக நின்று தேர்ந்தெடுக்கப்பட்டார்.

வேட்பாளர் இல்லாத வாரம்

2019இல் வேட்புமனுவுக்குரிய வாரம் முடிந்தபோது ஒருவர்கூட முன்வரவில்லை. இந்நிலையில் மேலும் ஒரு வாரம் நீட்டிக்க வேண்டும் என்பது விதி. நீட்டிப்புக்குப் பின்னர் வேட்பாளர்கள் முன்வந்தனர்; சாம் ஹார்ட்மன் வென்றார். பதவிக்குப் போட்டி மிகுதி என்பது பிற தேர்தல்களின் சிக்கல். ஊதியமும் அதிகாரமும் இல்லாத தன்னார்வ அமைப்பில், பொறுப்பேற்க ஆள் கிடைப்பதே சிக்கலாகலாம்.

சுருதி சந்திரனின் போட்டி

கேரளத்தைச் சேர்ந்த சுருதி சந்திரன் நூலகராக இருந்து கட்டற்ற மென்பொருள் பணிக்கு வந்தவர். மென்பொருள் பொதிகளைப் பராமரித்தும், இந்தியாவில் புதியவர்களுக்கு வழிகாட்டியும் உறுப்பினரானார். டெபியனின் ஆண்டு மாநாடு 2023 செப்டம்பரில் கொச்சியில் நடைபெற்றபோது அதன் அமைப்புப் பணியிலும் பங்காற்றினார்.

பெண்களும், ஐரோப்பா, வட அமெரிக்காவுக்கு வெளியே உள்ளோரும் டெபியனில் ஏன் குறைவாக இருக்கின்றனர் என்ற கேள்வியை அவர் தம் போட்டியின் மையமாக்கினார். 2020, 2021 தேர்தல்களில் ஜொனாதன் கார்ட்டரும், 2024, 2025 தேர்தல்களில் ஆண்ட்ரியாஸ் டில்லும் வென்றனர். இந்நான்கு தேர்தல்களிலும் சுருதி வெற்றி பெறவில்லை. ஆயினும் பரப்புரைக் காலத்தில் உறுப்பினர்களும் மற்ற வேட்பாளர்களும் அவர் எழுப்பிய கேள்வியை எதிர்கொள்ள வேண்டியிருந்தது. கட்டளையிட முடியாத பதவிக்கான தேர்தலில், எதைப் பற்றிப் பேச வேண்டும் என்று உணர்த்துவதும் ஒரு பயனே.

மாணவர்களுக்கு

டெபியனில் வாக்களிக்கவும் போட்டியிடவும் உறுப்பினர் ஆக வேண்டும். அதற்குப் பட்டமோ கட்டணமோ தேவையில்லை. தொடர்ந்து செய்த பணியும், அதை அறிந்த உறுப்பினர்களின் பரிந்துரையும் தேவை. நிரல் எழுதுவோர் மட்டுமே உறுப்பினராகலாம் என்பதும் இல்லை. மொழிபெயர்ப்பு, ஆவணமாக்கம் போன்ற பணிகளைச் செய்வோரையும் முழு உறுப்பினராக ஏற்க 2010இல் பொது வாக்கெடுப்பில் முடிவானது. டெபியனை நிறுவும் திரைகள் தமிழிலும் கிடைக்கின்றன. அவற்றில் ஒரு சொல்லைத் திருத்தித் தரும் மாணவரும் அந்த வாக்குரிமையை நோக்கி முதல் அடி வைத்தவரே.