குரல்கள் கிடைக்குமா?

எஸ்எஸ்டி சத்தமில்லாமல் சாகிறது. அதிலிருக்கும் கோப்புகள் பிழைக்குமா என்பது பெரும்பாலும் உரியவர் முதல் நாளில் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தது.

அந்த இளைஞர் என் கையிலிருந்ததை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "எத்தனை தடவை ஆன் பண்ணிப் பார்த்தீங்க அக்கா?" என்பதுதான் அவரது முதல் கேள்வி. பத்துப் பன்னிரண்டு தடவை இருக்கும் என்றேன். டாக்டரிடம் பொய் சொல்லக் கூடாது என்பார்களே. அவர் உச்சுக்கொட்டினார்.

கிராண்ட் ரோடு ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில், லாமிங்டன் ரோட்டில் ஒரு மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது அவரது கடை. தெருவுக்கு டாக்டர் தாதாசாகேப் பட்கம்கர் மார்க் என்று பெயர் மாற்றியாகிவிட்டது. மும்பைவாசிகள் வாயில் இன்னும் லாமிங்டன் ரோடுதான். தாராவியில் பிறந்து வளர்ந்த அவர், பெற்றோரின் திருநெல்வேலித் தமிழை மறக்காதவர். எனக்கு முன்னால் வந்திருந்தவர் தாராவி தொண்ணூறடி சாலையில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். 2024 மார்ச்சில் தாராவி மறுசீரமைப்புக்கான வீடு வீடான கணக்கெடுப்பு தொடங்கியபின் அவர் கடையில் கூட்டம். 2000 ஜனவரி 1-க்கு முன்பே குடியிருந்ததைக் காட்டும் பழைய ரேஷன் கார்டுகளையும் மின்கட்டண ரசீதுகளையும் நூற்றுக்கணக்கில் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் வைத்திருந்தார். அதில் சில குடும்பங்களின் அசல் காகிதம் மழையில் போய்விட்டது. அவரது டிரைவும் படுத்துவிட்டது. மனிதர் ஸ்டூலில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

என் எஸ்எஸ்டியில் இருந்தது வேறு சரக்கு. 2009 முதல் 2013 வரை தாராவியில் பதிவு செய்த 31 பேச்சுகள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு ஆட்கள் இங்கே வந்தார்கள். அந்தத் தொட்டிகளில் இறங்கி வேலை பார்த்த கடைசித் தலைமுறையினரின் குரல்கள் அவை. பேசியவர்களில் பாதிப் பேர் இன்று இல்லை. நான் செய்த மொழிபெயர்ப்புகளும் அதே டிரைவில் இருந்தன. ஆனால் மொழிபெயர்ப்பை முணுமுணுத்துக்கொண்டாவது மறுபடி செய்துவிடலாம். செத்துப்போன கிழவியை மறுபடி பேசச் சொல்ல முடியுமா?

ஒரே பிரதிதானா என்று வாசகர்கள் கேட்பார்கள். ஆமாம், ஒரே பிரதிதான். ரெக்கார்டரில் இடம் போதாது என்று ஒவ்வொரு பேச்சையும் கம்ப்யூட்டருக்கு மாற்றியதும் அழித்துவிடுவேன். பிறகு பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எல்லாவற்றையும் "பத்திரமான" எஸ்எஸ்டிக்கு மாற்றினேன். பழையதை எடைக்குப் போட்டுவிட்டேன்.

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் காலை ஒரு ஃபோல்டரைத் திறக்க இரண்டு நிமிடம் ஆனது. அடுத்து, சில கோப்புகள் திறந்தன, சில திறக்கவில்லை. மதியத்துக்குள் கம்ப்யூட்டரே உறைந்து நின்றது. ஹார்ட் டிஸ்க் சாகும்போது கடக் கடக் என்று அடித்துக்கொள்ளும். ஏதோ ஆபத்து என்று தெரியும். இதில் மூச்சு விடும் சத்தம்கூட இல்லை. நான் அணைத்து அணைத்துப் போட்டேன். விண்டோஸ் "டிஸ்கைச் சரிபார்க்கவா?" என்று கேட்டது, சரி என்றேன். இரவில் தானாகத் தேறிவிடும் என்ற நம்பிக்கையில் ஓடவிட்டுவிட்டுத் தூங்கினேன்.

மூன்றுமே தவறு. ஏன் என்று புரிய, உள்ளே நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

எஸ்எஸ்டியில் சுழலும் தட்டு கிடையாது. தோஷிபா நிறுவனத்தின் ஃபுஜியோ மசுவோகா 1987-ல் உலகுக்கு அறிமுகப்படுத்திய நாண்ட் ஃப்ளாஷ் சில்லுகள்தான் அதில் இருக்கின்றன. கோடிக்கணக்கான நுண்ணறைகளில் அடைபட்ட மின்னூட்டம்தான் நம் கோப்பு. ஒவ்வொரு முறை அழித்து எழுதும்போதும் அறைகள் கொஞ்சம் தேய்கின்றன. ஒரே அறை தேய்ந்துவிடாமல் இருக்க, கன்ட்ரோலர் என்ற குட்டி மூளை ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் எழுதி, எது எங்கே என்று ஒரு வரைபடம் வைத்துக்கொள்கிறது. மும்பைக்காரர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். டப்பாவாலாக்கள் தூக்கிப்போகும் டிஃபன் டப்பாக்களின் மூடியில் எழுதியிருக்கும் அடையாளக் குறிகளை யாரோ அழித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். டப்பா இருக்கிறது, சாப்பாடும் இருக்கிறது, யாருடையது என்பதுதான் தெரியாது. வரைபடம் கெட்ட எஸ்எஸ்டியின் நிலை அதுதான்.

நாம் எதுவும் செய்யாதபோதும் கன்ட்ரோலர் சும்மா இருப்பதில்லை. தரவுகளை இடம் மாற்றும், காலி இடத்தைத் துடைக்கும். ஆரோக்கியமான டிரைவுக்கு அது நல்லது. சாகக் கிடப்பதற்கு, மூச்சிரைப்பவரை மாடிப்படி ஏறச் சொல்வது போல. விண்டோஸின் சரிபார்ப்போ இன்னும் மோசம். அது கோப்புகளைக் காப்பாற்றுவதில்லை. கோப்புப் பட்டியலைத் திருத்தி, அந்தத் திருத்தத்தை எழுதவே முடியாத டிரைவில் எழுதப் பார்க்கிறது.

பக்கத்து வீட்டுக்காரர் ஃப்ரீஸரில் வைக்கச் சொன்னார். ஹார்ட் டிஸ்க் காலத்து நாட்டு வைத்தியம் அது. மும்பையின் ஜூலை ஈரத்தில், குளிர்ந்து வெளியே வரும் சர்க்யூட்டில் நீர் கோத்துக்கொள்ளும். சில்லு சூடேறினால் ஒரு சின்ன ஃபேன் போதும். லாமிங்டன் ரோட்டில் அதைத்தான் வைத்தார்கள்.

அந்த இளைஞர் இரண்டாவதாகக் கேட்டது, "எது இல்லாட்டி உங்களால தாங்க முடியாது?" 31 ஒலிக்கோப்புகள் என்றேன். மூன்றாவது கேள்வி எதிர்பாராதது: "பிட்லாக்கர் போட்டிருக்கா?" புதிய விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் நம்மைக் கேட்காமலே டிரைவ் பூட்டப்பட்டிருக்கும். அதைத் திறக்க 48 இலக்கச் சாவி வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது பதிவாகியிருக்கலாம். சாவி இல்லையென்றால் முழு டிரைவையும் பிரதி எடுத்தாலும் கையில் இருப்பது குப்பை. நல்லவேளை, என்னுடையது பூட்டப்படாதது.

பிறகு அவர் டிரைவை ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டரில் மாட்டினார். ஃபோல்டர்களைத் திறந்து பார்க்கவே இல்லை. டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள் மூலம் டிரைவ் முழுவதையும் ஒரு புதிய ஹார்ட் டிஸ்க்கில் அப்படியே பிரதி எடுக்க ஆரம்பித்தார். அதன் சூட்சுமம், அது முட்டிக்கொண்டு நிற்பதில்லை. படிக்க முடிகிற பகுதிகளை முதலில் அள்ளிக்கொள்கிறது. முரண்டு பிடிக்கும் இடங்களைக் குறித்து வைத்துவிட்டுத் தாண்டிப் போகிறது, கடைசியில் திரும்பி வருகிறது. டிரைவ் நடுவில் காணாமல் போகும். அவர் மின்சாரத்தைத் துண்டித்து, மறுபடி கொடுத்து, விட்ட இடத்திலிருந்து தொடர்வார். இரண்டு இரவும் ஒரு பகலும் ஆனது. அதன்பின் வேலையெல்லாம் பிரதியில்தான். நோயாளியை யாரும் தொடவில்லை.

எல்லோருக்கும் இந்த அதிர்ஷ்டம் கிடைப்பதில்லை. 2011-ல் இன்டெல் நிறுவனத்தின் 320 வகை எஸ்எஸ்டிகள் சில, மின்சாரம் போய் வந்தபின் தம் கொள்ளளவு வெறும் 8 எம்பி என்று அறிவித்தன, மற்றதெல்லாம் மாயம். 2019 நவம்பரில் ஹெச்பிஇ நிறுவனம் தன் வாடிக்கையாளர்களை எச்சரித்தது: குறிப்பிட்ட சில எஸ்எஸ்டிகள் 32,768 மணி நேரம் ஓடியதும் செத்துவிடும், டிரைவையோ தரவையோ மீட்க முடியாது, உடனே மென்பொருளைப் புதுப்பியுங்கள். 2-ஐ 15 முறை பெருக்கினால் வருவது 32,768. கம்ப்யூட்டர் கணக்குத் தெரிந்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

பழைய நாட்களில் சில்லுகளைப் பெயர்த்தெடுத்து நேரடியாகப் படிப்பார்கள். இப்போது பல கன்ட்ரோலர்கள் எழுதும்போதே எல்லாவற்றையும் சங்கேதமாக்கிவிடுகின்றன. கன்ட்ரோலர் செத்தால் சாவியும் அதோடு போனது. தெரியாமல் அழித்த கோப்பை ஹார்ட் டிஸ்க்கிலிருந்து மீட்பது போல எஸ்எஸ்டியிலிருந்து மீட்பதும் பெரும்பாலும் நடக்காத காரியம். "டிரிம்" என்ற கட்டளை, அழித்த கோப்பின் இடம் இனி வேண்டாம் என்று டிரைவிடமே சொல்லிவிடுகிறது. அது அந்த இடத்தைச் சுத்தமாகத் துடைத்துவிடும். எதையும் கொண்டுவருவேன் என்று முன்பணம் கேட்கும் கடைக்காரரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். முகம் மாறினால் நடையைக் கட்டலாம். என்னவர் கோப்பு கிடைக்காவிட்டால் காசு வேண்டாம் என்றார். எழுதியும் கொடுத்தார்.

மீட்டதில் ஒரு தமிழ்ச் சிக்கலும் வந்தது. கோப்புப் பட்டியல் சிதைந்த பகுதிகளில் பெயர்கள் போய், வெறும் எண்களோடு வந்தன நூற்றுக்கணக்கான கோப்புகள். சொல்லைக் கொடுத்துத் தேடலாம் என்றால், என் பழைய குறிப்புகள் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்தவை. 1999-ல் சென்னை தமிழ்நெட் மாநாடு டேம், டேப் என்று தரப்படுத்தியும்கூட ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்த காலத்தின் மிச்சம். "தாராவி" என்று தேடினால் எதுவுமே கிடைக்காது. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்ததில் மூன்று வாரம் போனது.

ஒலிக்கோப்புகளில் 27 முழுதாக வந்தன. இரண்டில் நடுநடுவே ஓட்டை. சரிபார்க்க ஒன்றை ஓடவிட்டார் அந்த இளைஞர். சுண்ணாம்புத் தொட்டியில் நின்று நின்று கால் வெந்த கதையை ஒரு பாட்டி சொல்லிக்கொண்டிருந்தார். பத்து விநாடி கேட்டால் போதும். அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டுக் கடைசிவரை கேட்டார்.

மற்ற இரண்டும் போயே போயின. ஒன்றுக்கு என் நோட்டுப் புத்தகத்தில் ஆறு பக்கக் குறிப்பு இருக்கிறது. இன்னொன்றுக்கு ஒரு பெயரும் தேதியும் மட்டும்.

இப்போது மூன்று பிரதிகள். ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கிய இரண்டு டிரைவுகளில் வைக்கக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். 2022 ஜூலையில் ஹேக்கர் நியூஸ் இணையதளத்தின் முதன்மை சர்வரும் மாற்று சர்வரும், ஏறக்குறைய ஒரே வயதுள்ள எஸ்எஸ்டிகள் காரணமாகச் சில மணி நேர இடைவெளியில் அடுத்தடுத்துப் படுத்ததைப் படித்திருந்தேன். எஸ்எஸ்டியை நகை போலப் பீரோவில் பூட்டி வைப்பதும் சரியில்லை. நன்றாகத் தேய்ந்த ஒன்று, மின்சாரம் இல்லாமல் 30 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு தரவைத் தாங்கினால் போதும் என்பதுதான் வீட்டு உபயோக எஸ்எஸ்டிகளுக்கான ஜெடெக் தரநிர்ணயம். மும்பை பீரோவுக்குள் 30 டிகிரி சர்வசாதாரணம்.

ஆகவே ஒன்று மாதுங்காவில் என் மேஜையில். ஒன்று இணையச் சேமிப்பில். மூன்றாவது, ஒரு சாதாரண ஹார்ட் டிஸ்க், செம்பூரில் அக்கா வீட்டில். 2005 ஜூலை 26-ல் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. மழை வலுத்தாலே கிங்ஸ் சர்க்கிளில் தண்ணீர் நிற்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். எல்லாவற்றையும் மாதுங்காவிலேயே வைக்க மனம் வரவில்லை. அக்கா வீடு மூன்றாவது மாடி. ஞாயிற்றுக்கிழமை போகும்போதெல்லாம், அதை அடுப்பங்கரை அலமாரியில் அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்திருக்கிறாளா என்று பார்க்கிறேன். இரண்டு முறை வைத்திருந்தாள்.