முதலில் சாய்வது வெடக்கோழி

காலையில் பஞ்சாரத்தைத் தூக்கியதும் மற்றவை குப்பைமேட்டுக்கு ஓட, ஒன்று மட்டும் இறக்கையைத் தொங்கவிட்டு நின்ற இடத்திலேயே கண்ணை மூடும். பெரும்பாலும் அது அந்த வருடத்து வெடக்கோழியாக இருக்கும். நாலைந்து மாதம் தீனி போட்டு, முட்டைக்கு வரும் நேரத்தில் இப்படிச் சுருண்டால் யாருக்கும் வயிறு எரியும்.

அந்த வயதுதான் அதற்குப் பகை. தாய்க்கோழி மஞ்சள் கருவில் வைத்து அனுப்பிய நோய் எதிர்ப்புப் புரதம் குஞ்சு பொரித்த சில வாரங்களில் தீர்ந்துவிடும். சொந்த எதிர்ப்பு வரவேண்டுமானால் நோய் தாக்கிப் பிழைத்திருக்க வேண்டும், இல்லையேல் ஊசி போட்டிருக்க வேண்டும். தமிழகத்தில் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் வழக்கமாகப் பிப்ரவரியில் நடக்கிறது. எட்டு வாரம் தாண்டியவற்றுக்குத்தான் அந்த ஊசி. தையில் பொரித்தது அப்போது சிறு குஞ்சு. பங்குனியில் பொரித்தது இன்னும் முட்டையாகக்கூட ஆகியிருக்காது. இரண்டுமே ஊசி காணாமல் வளர்ந்து வெடையாகி நிற்கும். போதாக்குறைக்கு, கூட்டத்தில் கடைசி இடமும் அவற்றுக்குத்தான். கோழிகளுக்குள் யார் யாரைக் கொத்தலாம் என்ற வரிசை உண்டு என்பதை நார்வே ஆய்வாளர் ஷெல்டெரப் எப்பே 1920-களில் எழுதினார். கடைசியில் இருப்பது மிச்சத்தைத்தான் தின்னும்.

பலவீனம் தெரிந்தால் கொத்து விழும், கீரியும் வல்லூறும் குறிவைக்கும். அதனால் கோழி முடிந்தவரை நோயை மறைக்கும். நம் கண்ணுக்குத் தெரியும்போது நோய்க்குச் சில நாள் வயதாகியிருக்கலாம். எத்தனை நாள் என்பதற்கு நெஞ்செலும்பே சாட்சி: இருபுறமும் சதை வற்றி எலும்பு கத்தியாய்த் தட்டுப்பட்டால், அது நேற்று வந்த சீக்கு அல்ல. உடம்பு சுடுகிறதே எனக் காய்ச்சல் என்று முடிவு கட்ட வேண்டாம். நல்ல கோழியின் உடல் வெப்பமே 41 டிகிரி செல்சியஸைத் தாண்டும். எந்தக் கோழியும் கைக்குச் சுடும்.

தீனி எடுக்காமல், இறகைச் சிலிர்த்துக்கொண்டு தூங்கி விழுவதைத் தோல்வி என்று நினைக்கிறோம். காய்ச்சலைத் தாங்கிச் சக்தியைச் சேமிக்க உடல் வகுக்கும் உத்தி அது என்று 1988-இல் கால்நடை அறிவியலாளர் பெஞ்சமின் ஹார்ட் வாதிட்டார். எனவே வாயைப் பிளந்து சோற்றைத் திணிப்பது உதவியல்ல, மூச்சுக்குழலில் போகும் ஆபத்தும் உண்டு. தண்ணீரும் கதகதப்பும் நிழலும் போதும்.

பிறகு இரைப்பையையும் எச்சத்தையும் பார்க்க வேண்டும். விடியற்காலையில் இரைப்பை காலியாக இருக்க வேண்டும். கெட்டியாகப் புடைத்திருந்தால் நாரோ பிளாஸ்டிக்கோ அடைத்திருக்கலாம். பச்சை எச்சம் பெரும்பாலும் பட்டினியின் அடையாளம். பச்சையும் வெள்ளையுமாய்த் தண்ணீராகக் கழிந்து, மூச்சு திணறி, கழுத்தும் திருகினால் வெள்ளைக்கழிச்சல் என்றும் சொல்லும் கோழிக்கழிச்சலைச் சந்தேகிக்கலாம். அது வைரஸ், மருந்து கிடையாது. ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக இழுத்துக்கொண்டு கிடந்தால் மாரெக் நோயாக இருக்கலாம். அதற்கும் மருந்தில்லை, பொரித்த உடனே போடும் ஊசிதான் காப்பு, கொல்லையில் அடைகாத்த குஞ்சுக்கு அது கிடைப்பது அரிது.

இரத்தம் கலந்த எச்சம் என்றால் கொஞ்சம் நம்பிக்கை உண்டு. அது காக்சிடியா என்ற ஒட்டுண்ணியின் வேலையாக இருக்கலாம். ஈரத்தரையில் ஓரிரு நாளில் வீரியம் பெற்று, குடலுக்குள் புகுந்து பெருகும். ஆம்ப்ரோலியம் மருந்து வைட்டமின் பி1-ஐப் போல வேடமிட்டு அந்த ஒட்டுண்ணியைப் பட்டினி போடுகிறது. தெம்புக்கு என்று கூடவே பி-காம்ப்ளக்ஸ் டானிக் கொடுப்பவர்கள், மருந்து பறித்ததைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். சின்ன வெங்காயமும் மஞ்சளும் வைப்பதில் எனக்குச் சண்டையில்லை, அதற்காக இரண்டு நாள் காத்திருப்பதில்தான். வீட்டில் மிஞ்சிய ஆன்டிபயாடிக் மாத்திரையைக் கரைப்பது அதைவிட மோசம். வைரஸை அது தொடாது.

தனியே வைக்கப் பஞ்சாரம் நல்ல கருவி. மற்ற கோழிகளின் கண்ணில் படுவதால், தேறித் திரும்பும்போது புதியவள் என்று கொத்துவது குறையும். ஆனால் கழிச்சல் சந்தேகம் இருந்தால் அதே முற்றத்தில் கவிழ்ப்பது வீண்; கொட்டகையின் மறுகோடிக்குக் கொண்டுபோய், அதற்கு வேறு தண்ணீர்த் தட்டு வைத்து, மற்றவற்றைக் கவனித்த பிறகே அதனிடம் போக வேண்டும்.

சாவதற்குள் அறுத்துவிடலாம் என்ற யோசனை பல வீடுகளில் வரும். கோழிக்கழிச்சல் ஊரெங்கும் பரவுவதற்கு இதுவும் ஒரு வழி. இறகும் குடலும் குப்பையில் விழ, அடுத்த வீட்டுக் கோழி அதைக் கிளறும். பறவைக் காய்ச்சலாக இருந்தால் அறுக்கும் கைக்கே ஆபத்து. செத்தால் சுண்ணாம்பு தூவி ஆழமாகப் புதைக்கலாம், அல்லது பையில் கட்டிக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் அறுத்துப் பார்த்துக் காரணம் சொல்ல வாய்ப்புண்டு.

நலமாக இருப்பவற்றுக்கு ஊசி போட அடுத்த பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு குப்பியில் நூறு கோழிக்கோ அதற்கு மேலோ மருந்து இருக்கும், கரைத்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். ஆகவே தெருவில் நாலைந்து வீட்டுக் கோழிகளைக் கணக்கெடுத்துக்கொண்டு போய்க் கேட்டால், மருத்துவருக்கும் குப்பியைத் திறக்க மனம் வரும்.