கேள்வி கேட்கிற நர்ஸே நல்ல நர்ஸ்!

கோர்ஸ் முடிந்தாயிற்று. கவுன்சிலில் பெயரைப் பதிவு செய்தாயிற்று. 'எங்க பொண்ணு நர்ஸாயிட்டா!' என்று அப்பா தெரு முழுக்க ஸ்வீட் கொடுத்துவிட்டார். 'அப்பாடா... இனிமே படிக்க வேண்டாம்' என்று புத்தகங்களைக் கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டீர்களா? முதல் வேலையாக அதைக் கீழே இறக்குங்கள்!

ஏன் என்கிறீர்களா? இன்சுலினையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் ஒரு மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என்று இரண்டு வகை மருந்து உண்டு. 40-க்கு சிவப்பு மூடி சிரிஞ்ச். 100-க்கு ஆரஞ்சு மூடி. வகுப்பில் படித்ததுதான். ஆனால் நைட் டியூட்டி, தூக்கக் கலக்கம், ஒரே சமயத்தில் நாலு பேர் கூப்பிடுகிறார்கள். சிவப்பு மூடி சிரிஞ்சில், 100 யூனிட் பாட்டிலிலிருந்து '20' கோடு வரை எடுத்துவிட்டால்? உள்ளே போவது 20 அல்ல, 50 யூனிட்! சர்க்கரை மளமளவென்று இறங்கி, நோயாளியின் உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

துளி சந்தேகம் வந்தாலும், 'சிஸ்டர், இதை ஒரு தடவை பார்த்துச் சொல்றீங்களா?' என்று சீனியரிடம் கேளுங்கள். 'இதுகூடத் தெரியாதா?' என்று ஒரு திட்டு விழலாம். விழட்டுமே! திட்டு மறுநாள் மறந்துபோகும். தவறான ஊசி மறக்காது.

படித்ததும் மாறும்

மூச்சுப்பேச்சில்லாமல் விழுந்தவருக்கு முதலில் மூச்சுப் பாதையைச் சரிசெய்து, மூச்சுக் கொடுத்து, அப்புறம் மார்பை அழுத்த வேண்டும் என்றுதான் பல காலம் சொல்லிக் கொடுத்தார்கள். 2010-ல் அமெரிக்க இதய சங்கம் அந்த வரிசையை மாற்றி, மார்பு அழுத்தத்தை முதலில் வைத்தது. இப்போது பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ. ஆழத்துக்குக் குறையாமல், 6 செ.மீ. தாண்டாமல் அழுத்தச் சொல்கிறார்கள். பழைய நோட்டை மட்டும் நம்பியிருந்தால் என்ன ஆகும், யோசியுங்கள்!

அவசரம் வேண்டாம்

'ஆறு மாசமாச்சு, இன்னும் கை நடுங்குதே' என்று பாத்ரூமில் போய் அழுகிறீர்களா? அழாதீர்கள். பாட்ரீசியா பென்னர் என்ற அமெரிக்க நர்ஸ் 1984-ல் எழுதிய புத்தகத்தில், நர்ஸின் வளர்ச்சியை ஐந்து படிகளாகப் பிரித்தார். அதில் மூன்றாவது படியான 'திறமை பெற்றவர்' என்ற நிலைக்கு வரவே, ஒரே மாதிரி வார்டில் இரண்டு, மூன்று வருஷம் வேலை பார்க்க வேண்டும் என்கிறார். பார்த்துப் பார்த்துத்தான் கை பழகும்.

தினமும் பத்து நிமிடம்

யூனிஃபார்ம் பாக்கெட்டில் சின்ன நோட்டு ஒன்று வையுங்கள். அன்றைக்குப் புதிதாகப் பார்த்த ஒரு மருந்து... அது எதற்கு, எவ்வளவு, என்ன பக்கவிளைவு என்று எழுதுங்கள். நோயாளியின் பெயர் மட்டும் அதில் வேண்டாம். ஆஸ்பத்திரியில் வகுப்பு வைத்தால் 'லீவு நாளாச்சே' என்று நழுவாதீர்கள். ஜி.என்.எம். முடித்தவர்கள், இரண்டு வருஷம் போஸ்ட் பேசிக் பி.எஸ்ஸி. படித்து, பிறகு எம்.எஸ்ஸி. வரை போகலாம். ஐ.சி.யூ., ஆபரேஷன் தியேட்டர், பச்சிளங்குழந்தைப் பிரிவு என்று பிடித்த துறையில் தனிப் பயிற்சியும் உண்டு.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை

நைட் டியூட்டி முடிந்து வரும் பெண்ணை 'பகல்ல என்னடி தூக்கம்?' என்று எழுப்பாதீர்கள். தூங்காத கண், மருந்துச் சீட்டைத் தப்பாகப் படிக்கும். கல்யாணப் பேச்சு வந்தாலும், 'மேலே படிக்க விடுவீங்களா?' என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். அவள் இன்று கற்றுக்கொள்கிற ஒரு விஷயம், நாளைக்கு யாரோ ஒருவரின் அம்மாவையோ குழந்தையையோ காப்பாற்றும். அந்த யாரோ, நம் வீட்டு ஆளாகவும் இருக்கலாம் இல்லையா?