விரல் நுழையாத ஸ்பைக்

1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓட்டத்தை வென்ற ஃபின்லாந்தின் லாஸ்ஸே விரேன், ஷூவைக் கழற்றிக் கையில் உயர்த்திப் பிடித்தபடி வெற்றிச் சுற்று வந்தார். கம்பெனிக்கு விளம்பரம் செய்கிறார் என்று குற்றச்சாட்டு கிளம்பியது. காலில் கொப்புளம், அதனால்தான் கழற்றினேன் என்றார் அவர். எது உண்மையோ, நெடுந்தூர ஓட்டக்காரர்களின் காலணியைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் அது இந்த இரண்டில்தான் வந்து நிற்கும்: கம்பெனியின் காசு, ஓடுகிறவரின் கொப்புளம். வடசென்னையின் ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பிள்ளைகளுக்கு முதலாவது கிடைப்பதில்லை. இரண்டாவதற்குக் குறைவே இல்லை.

ஸ்பைக் ஷூவைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது சொகுசுக்காகச் செய்த பொருள் அல்ல. முன்பாதத்துக்கு அடியில் விறைப்பான தகடு, அதில் திருகி மாட்டும் பின்கள். சிந்தெட்டிக் டிராக்கில் பின்னின் நீளம் 9 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. ஒரு ஷூவில் 11 பின்களுக்கு மேல் கூடாது. குதிகாலில் மெத்தை குறைவு என்பதால் கெண்டைக்காலும் குதிகால் தசைநாரும் கூடுதல் பாரம் சுமக்கும். 10,000 மீட்டர் என்றால் 25 சுற்று, எல்லாத் திருப்பமும் இடப்பக்கம். ஷூவின் பக்கச்சுவர் ஒரு நூல் இறுக்கமாக இருந்தாலும், உராய்வு அதே இடத்தில் திரும்பத் திரும்ப விழும். இருபதாவது சுற்றில் சுண்டுவிரல் தோல் உரிந்துவிட்டால், மீதி ஐந்து சுற்றையும் அந்தப் புண்ணோடுதான் ஓடி முடிக்க வேண்டும்.

வடசென்னை என்றால் குத்துச்சண்டை, கால்பந்து, கேரம் என்று ஊருக்கே தெரியும். ஓட்டத்துக்கு அந்தப் பெயர் இல்லை. கால்கள் இல்லாமல் இல்லை. காசிமேடு தொடங்கி எண்ணூர் வரை குப்பங்களில் பிள்ளைகள் மணலில் வெறுங்காலோடு ஓடித்தான் வளர்ந்தார்கள். அந்த மணலில் பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. அரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறாங்கற்கள்தான் இப்போது கரை. மிச்சமிருப்பது பள்ளிக்கூடத்து மண் மைதானமும், கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டும் தார்ச்சாலையும். சிந்தெட்டிக் டிராக் வேண்டுமென்றால் பெரியமேடு நேரு ஸ்டேடியத்துக்குப் போக வேண்டும். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு அந்தப் பயணம் கொஞ்சம் சுலபமாகியிருக்கிறது.

மண்ணில் ஓடும்வரை வெறுங்கால் போதும். மாவட்டப் போட்டிக்குப் பெயர் கொடுத்த அன்றுதான் ஸ்பைக் தேவைப்படுகிறது. அது பெரும்பாலும் சீனியர் ஒருவர் கழற்றிக் கொடுத்ததாக இருக்கும். நீளம் கூடுதல் என்றால் முனையில் பஞ்சை அடைப்பார்கள். நீளம் சரியாக இருந்து அகலம் போதாவிட்டால் ஒரு சைஸ் பெரியதாகப் பார்த்துப் போடுவார்கள். அங்கேதான் கோளாறு ஆரம்பம். விரலுக்கு இடம் கிடைத்தது உண்மைதான், ஆனால் குதிகால் வழுக்கும். பாதம் எந்த இடத்தில் மடங்குகிறதோ அந்த இடத்தில் தகடு மடங்காது. பின்கள் முன்னே தள்ளிப் போய்விடும். ஓடுகிற பிள்ளை விழாமல் இருக்க விரல்களைச் சுருக்கி ஷூவைப் பிடித்துக்கொண்டே ஓடும். நகம் கறுக்கும், கெண்டைக்கால் இழுக்கும். பயிற்சி போதவில்லை என்று அதற்குப் பெயர் வைப்போம்.

நம் பாதம் அகலமானது. இதை ஊகமாகச் சொல்லவில்லை. 2009இல் வெளியான பெல்ஜிய ஆய்வாளர்களின் ஆய்வு ஒன்று, காலணி போடாமலே வளர்ந்த தென்னிந்தியர்களின் பாதங்களை மேற்கத்தியப் பாதங்களோடு ஒப்பிட்டது. வெறுங்கால்காரர்களின் முன்பாதம் விரிந்திருந்தது. நடக்கும்போது அழுத்தமும் பாதம் முழுக்கச் சீராகப் பரவியது. அதற்கும் முன்னால், 1992இல் வெளியான ஓர் ஆய்வுக்காகக் கர்நாடக மருத்துவர்கள் 2,300 குழந்தைகளின் பாத அச்சை எடுத்துப் பார்த்தார்கள். காலணி போட்டு வளர்ந்தவர்களில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப்பாதம். போடாதவர்களில் 2.8 சதவீதம்தான். குப்பத்துப் பிள்ளை நல்ல பாதத்தோடுதான் டிராக்குக்கு வருகிறது. அந்தப் பாதத்தை நினைத்துச் செய்த ஸ்பைக்தான் இல்லை.

இதற்கான விடையின் பாதி நம் ஊரிலேயே இருக்கிறது. அடையாற்றில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுவதும் 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை அளந்தது. இந்தியப் பாதம் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட அகலம் என்று அந்தக் கணக்கெடுப்பும் சொன்னது. பெண்களின் பாத வளர்ச்சி 11 வயதை ஒட்டியும் ஆண்களின் வளர்ச்சி 15, 16 வயதிலும் உச்சத்தைத் தொடுகிறது என்பது அதில் இன்னொரு முடிவு. இந்தியர்களுக்கென்று 'பா' என்ற பெயரில் தனி அளவு முறையும் முன்மொழியப்பட்டது. அந்த வயதுகளை மறுபடி பாருங்கள். பிள்ளைகள் முதன்முதலாக ஸ்பைக்கில் காலை நுழைப்பது அதே பருவத்தில்தான். வளர்கிற காலை வளராத ஷூவுக்குள் அடைக்கிறோம். எனக்குத் தூக்கம் கெடுவது இதை நினைத்துத்தான். சாதனை நேரத்தில் நான்கு விநாடி கூடுவதும் குறைவதும் பிறகு பார்த்துக்கொள்ளக்கூடிய விஷயம். பதின்மூன்று வயதில் வளைந்துபோன கட்டைவிரல் அப்படியல்ல.

உலகத்தின் கவலையெல்லாம் அந்த நான்கு விநாடியில்தான் இருக்கிறது. 2020 அக்டோபர் 7 அன்று வாலென்சியாவில் உகாண்டாவின் ஜோஷுவா செப்டெகெய் 10,000 மீட்டரை 26 நிமிடம் 11 விநாடியில் ஓடினார். 15 ஆண்டு நின்ற எத்தியோப்பிய ஓட்டக்காரர் பெக்கெலேயின் சாதனை போயிற்று. செப்டெகெய் காலில் இருந்தது துள்ளும் நுரை வைத்த புதுவகை ஸ்பைக். 2023இல் பெர்லின் மாரத்தானில் எத்தியோப்பியாவின் டிகிஸ்ட் அசேஃபா 2:11:53 ஓடியபோது அணிந்த ஷூவின் எடை 138 கிராம், விலை 500 டாலர். ஒரு பந்தயத்துக்குத்தான் அது என்று தயாரித்தவர்களே சொன்னார்கள். அடிப்பாகம் கனத்துக்கொண்டே போனதால் உலகத் தடகள அமைப்பு அளவுகோலை எடுத்தது. 2024 நவம்பர் முதல் டிராக்கில் எந்த ஓட்டமானாலும் 20 மில்லிமீட்டர், சாலையில் 40 மில்லிமீட்டர். எத்தனை கனம் என்பதை மில்லிமீட்டர் சுத்தமாக எழுதினார்கள். எத்தனை அகலத்தில் கிடைக்க வேண்டும் என்று ஒரு வரி அதில் இல்லை.

புதிய ஷூக்கள் ஓட்டத்தை எளிதாக்குகின்றன, வசதி இருப்பவர் போட்டுக்கொள்வதில் என்ன தவறு என்பாரும் உண்டு. தவறில்லை. ஆனால் ஒரே ஷூ எல்லோருக்கும் ஒரே பலனைத் தருவதில்லை. 2023இல் கென்யாவின் உலகத்தர ஓட்டக்காரர்களை வைத்து நடந்த சோதனையில், ஒருவருக்கு 11 சதவீதத்தை ஒட்டிய சக்தி மிச்சமாயிற்று, இன்னொருவருக்கு ஏறக்குறைய அதே அளவு விரயமாயிற்று. கார்பன் தகடு ஷூ அணிந்தவர்களில் ஐந்து பேருக்குப் பாதத்தின் நடு எலும்பில் விரிசல் கண்டதை அதே ஆண்டு மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். ஓட்ட அசைவியலில் ஆயுளைக் கழித்த பென்னோ நிக் 2015இல் எழுதியது இன்னும் எளிமையானது: கால் எதைச் சுகம் என்று சொல்கிறதோ அதைத் தேர்ந்தெடுங்கள், காயம் குறையும். காலைப் போட்டுப் பார்த்து, நாலு சுற்று ஓடிப் பார்த்து, கடிக்கிறது என்றால் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு ஜோடி எடுக்கும் வசதி இருந்தால்தான் அந்த அறிவுரைக்கு அர்த்தம். சீனியர் கொடுத்த ஒற்றை ஜோடியில் தேர்வு எங்கே வந்தது?

ஸ்பான்சர் கிடைத்துவிட்டால் தீரும் என்று நினைப்பதும் சரியல்ல. ஒலிம்பிக்கில் சட்டை நாட்டுடையது என்றாலும், ஷூ அவரவர் ஒப்பந்தத்துக்கு உரியது. கம்பெனியின் ஷூ காலுக்கு ஒத்துவராமல், வேறு தயாரிப்பின் சின்னத்தைக் கறுப்பு மை பூசி மறைத்து ஓடியவர்கள் வெளிநாடுகளில் உண்டு. ஓடாத மாதத்துக்குப் பணத்தைக் குறைக்கும் விதிகள் ஒப்பந்தங்களில் இருப்பதை, கருவுற்ற ஓட்டக்காரிகளே 2019இல் வெளியில் வந்து சொன்னார்கள். ஷூ கடிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல அவர்களுக்கே அத்தனை தயக்கம் என்றால், ஓசியில் வாங்கிய பிள்ளை என்ன சொல்லும்?

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சு ஒரு முறை உரக்க எழுந்தது. 2019இல் தோகா ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டர் தங்கம் வென்ற திருச்சி கோமதி மாரிமுத்துவின் கால்களில் வெவ்வேறு நிறத்தில் ஷூ இருந்ததைப் படத்தில் பார்த்துவிட்டு ஊரே வருத்தப்பட்டது. அது தனக்கு ராசியான ஷூ என்று அவர் விளக்கினார். பின்னாளில் ஊக்கமருந்துத் தடையால் அந்தப் பதக்கம் அவரிடமிருந்து போயிற்று, ஷூவைப் பற்றிய பேச்சும் அதோடு போயிற்று. பேச வேண்டியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2017 புவனேஸ்வர் ஆசியத் தடகளப் போட்டியில் புதுக்கோட்டை ஜி.லட்சுமணன் 5,000, 10,000 இரண்டிலும் தங்கம் எடுத்தார். 2025இல் தென்கொரியாவின் குமியில் அதே இரட்டைத் தங்கத்தை எடுத்தவர் உத்தரப் பிரதேசத்தின் குல்வீர் சிங். அடுத்தவர் ஏன் எண்ணூரிலிருந்து வரக் கூடாது?

ரப்பரும் காலணியும் இந்த மண்ணுக்குப் புதியவை அல்ல. 1946இல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய சிறிய பட்டறைதான் இன்று டயருக்குப் பெயர்பெற்ற எம்.ஆர்.எஃப். ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் காலணிகளை உலகம் அறியும். உலகப் பெயர்பெற்ற விளையாட்டு ஷூக்கள் செய்யாற்றில் தைவான் நிறுவனத்தின் ஆலையில் பல ஆண்டுகளாக உருவாகின்றன. உளுந்தூர்பேட்டை, பனப்பாக்கம் என்று வரிசை நீள்கிறது. 2022இல் காலணிக்கும் தோல் பொருள்களுக்கும் தனிக் கொள்கை வெளியிட்ட மாநிலம் இது. ஏற்றுமதிச் சரக்கு கப்பலேறுவது சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களில். லாரிப் புகையை விழுங்கியபடி சாலையோரம் ஓடிப் பழகும் பிள்ளையைத் தாண்டித்தான் அந்தப் பெட்டிகள் போகின்றன. தைப்பவர்கள் நம் பெண்கள். ஷூவுக்கு வடிவம் கொடுக்கும் அச்சுக் கட்டை மட்டும் வேறொரு நாட்டுப் பாதத்துடையது. தொழில்நுட்பம் இருக்கிறது, கை இருக்கிறது, ஒரு லட்சம் பேரின் பாத அளவும் இருக்கிறது. அகலமான அச்சில் ஒரு ஸ்பைக்கை இங்கேயே செய்வதற்கு இன்னும் எதற்குக் காத்திருக்கிறோம் என்று புரியவில்லை.

தனிப் பாதத்துக்குத் தனி ஷூ என்பது நடக்காத காரியமும் இல்லை. ஜல்பைகுரியின் ஸ்வப்னா பர்மனுக்கு ஒவ்வொரு காலிலும் ஆறு விரல். சாதாரண ஷூவில் வலியோடு ஓடியே 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஹெப்டத்லான் தங்கம் வாங்கினார். அதன் கடைசிப் பந்தயம் 800 மீட்டர். தங்கத்துக்குப் பிறகுதான் அடிடாஸ் அவர் பாதத்தை அளந்து ஷூ செய்து கொடுத்தது. கடையில் விற்கும் மாடலை மருத்துவக் காரணத்துக்காக மாற்றிக்கொள்ள, முன்அனுமதியோடு, இன்றைய சர்வதேச விதியும் இடம் கொடுக்கிறது. ஸ்பான்சர் இல்லாத உயர்தர வீரர்களுக்குக் கம்பெனிகள் ஷூ தர வழிசெய்யும் ஏற்பாட்டையும் 2020இல் உலகத் தடகள அமைப்பு கொண்டுவந்தது. இவையெல்லாம் உச்சியைத் தொட்டவர்களுக்கு. பதினொரு வயதுப் பிள்ளைகளுக்காக, மாவட்டப் போட்டியின் பெயர்ப்பதிவு மேசையில் உட்கார்ந்து எழுதுபவர், வயது, பள்ளி, பந்தயம் ஆகிய கட்டங்களுக்குப் பக்கத்தில் பாதத்தின் நீளத்துக்கும் அகலத்துக்கும் இரண்டு கட்டங்கள் சேர்த்துக்கொள்ளட்டும். ஒரு தாளும் பென்சிலும் போதும். விளையாட்டு விடுதிகளுக்கு ஸ்பைக் வாங்கும் டெண்டரில் ஒவ்வொரு சைஸுக்கும் இரண்டு அகலம் கேட்கட்டும். இரண்டுமே வருகிற கல்வியாண்டிலேயே செய்துவிடக் கூடியவை.